மூளையின் மேற்பரப்புச் சிரைகள்: முதலாண்டு மாணவர்களுக்கு

ராயபுரத்தில் தங்கி ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் படித்தபோது, மூளை என்றாலே எல்லோரும் தமனிகளைத்தான் விழுந்து விழுந்து படித்தோம். சிரைகளை இரண்டு பக்கத்தில் முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு பக்கத்துக்கு உரிய நேரத்தைக் கொடுங்கள் என்பதே தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது.

முக்கியப் பெயர்கள் மூன்றுதான். மூளையின் பக்கவாட்டில் உள்ள ஆழமான சில்வியன் பிளவை ஒட்டி ஓடுவது மேலோட்ட நடுச்சிரை. அதிலிருந்து மேலேறி, மூளையின் மேல்விளிம்பில் ஓடும் மேல் சாஜிட்டல் சைனஸில் (சைனஸ் என்பது டியூரா என்ற தடித்த வெளியுறைக்குள் சிரை இரத்தம் ஓடும் கால்வாய்) சேர்வது 1868இல் ட்ரோலார்ட் விவரித்த சிரை. பின்னும் கீழுமாக இறங்கி, பின்புறம் குறுக்காக ஓடும் டிரான்ஸ்வர்ஸ் சைனஸில் சேர்வது 1879இல் லாபே விவரித்த சிரை. ஆனால் பாடநூல் படத்தில் உள்ளபடி மூன்றும் ஒரே அளவில் தெளிவாக அமைந்த மூளையைக் காண்பது அரிது. ஒன்று பருத்திருந்தால் மற்றவை மெலிந்திருக்கும், சில வேளை இரட்டையாக இருக்கும், ஒரே மூளையின் வலப்பக்கமும் இடப்பக்கமும்கூட ஒத்துப்போகாது. எங்கள் மேசையில் இருந்த மூளையில் வலப்புறம் லாபே சிரை தடித்துக் கருத்துக் கிடந்தது. இடப்புறமோ ட்ரோலார்ட் சிரைதான் பெரிது, லாபே இருந்த இடத்தில் இரண்டு நூலிழைகள் மட்டுமே.

மூளையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய அரக்னாய்டு உறையை உரித்தால் சிரைகளும் அதனுடனேயே வந்துவிடும் என்பதால், உரிப்பதற்கு முன்பே மேசை மேசையாகச் சென்று பார்த்து, இரு பக்கத்தையும் தனித்தனியாக வரைந்துகொள்ளுங்கள்.

இது வெறும் மதிப்பெண் விஷயம் அன்று. லாபே சிரையே பெருவழியாக உள்ள ஒருவருக்கு அறுவையில் அது அறுபட்டால், காதருகே உள்ள டெம்போரல் மடல் வீங்கி, சிரைவழி இன்ஃபார்க்ஷன் (இரத்தம் வடிய வழியின்றித் திசு அழிதல்) ஏற்படக்கூடும்; இடப்பக்கமானால் பேச்சும் பாதிக்கப்படலாம். நரம்பியல் அறுவை நிபுணர்கள் அந்த நோயாளியின் சிரைப்படத்தை முன்கூட்டியே பார்ப்பது இதனால்தான்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வைக்கப்படும் மூளையில் சைனஸ்கள் இருக்காது. டியூரா உறையோடு அவை முன்பே போயிருக்கும், அறுந்த முனைகள்தான் மிஞ்சும். எனவே பருமனைப் பார்த்துப் பெயர் சொல்லாமல், முனை மேல்விளிம்பை நோக்கிப் போகிறதா, பின்கீழாக, கீழ்விளிம்பில் உள்ள முன்ஆக்ஸிபிட்டல் பள்ளத்தருகே போகிறதா என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதன்பின் பெயரைச் சொன்னால், "ஏன் இது இவ்வளவு மெலிந்திருக்கிறது?" என்ற அடுத்த கேள்விக்கு, பக்கத்திலேயே பருத்திருக்கும் சிரையைக் காட்டியே விடை சொல்லலாம்.