தோட்டாக் கோது

2023 நவம்பர் 4
மழை விட்டபாடில்லை. பரணிலை கிடந்த அப்பான்ர றங்குப்பெட்டியை இறக்கித் துடைச்சன், அடியிலை ரெண்டு வெறுங்கோது. 12 போர் எண்ட குழல் அளவுத் துவக்குத் தோட்டா. சிவப்புக் கடதாசி வெளிறி, பித்தளை அடி கறுத்துப்போச்சு, ஆனா ஈலி எண்ட கொம்பனிப் பேர் விரலாலை தடவத் தெரியுது. மூக்கிலை வச்சுப் பாத்தன், வெடிமருந்து மணம் இல்லை, பழங்கடதாசி மணம்தான்.

நவம்பர் 5
இரவு முழுக்க அதே நினைவு. எழுவதுகள், எனக்குப் பத்து வயசிருக்கும், கிளிநொச்சிப் பக்கம் முழங்காவிலிலை எங்களுக்குத் தோட்டம், காட்டுப்பண்டி வந்து மரவள்ளியைக் கிண்டி எறிஞ்சுபோட்டுப் போகும், அதுக்காகத்தான் அப்பா துவக்கு வச்சிருந்தவர். வருசா வருசம் அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்குப் போய் லைசன்ஸ் புதுப்பிச்சு, அதைக் காட்டித்தான் டவுன் கடையிலை தோட்டா வேண்டுறது. என்னையும் சைக்கிள் பாரிலை ஏத்திக்கொண்டு போவார். பெட்டிக்கு 25, ஆனா அப்பா முழுப்பெட்டி வேண்டி நான் காணேல்லை. "நாலாம் நம்பர் ஆறு, எஸ்.ஜி. நாலு தாங்கோ." எஸ்.ஜி.க்குள்ளை பெரிய சன்னம், அதாவது ஈயக் குண்டு, எட்டு ஒன்பதுதான் கொள்ளும், அது பண்டிக்கு. நாலாம் நம்பருக்குள்ளை 150க்கு மேலை சின்னச் சன்னம், முயலுக்கும் காட்டுக்கோழிக்கும். ஒவ்வொண்டா எடுத்து வாய்ப்பக்கத்தை பெருவிரலாலை அமத்துவார், காதடியிலை குலுக்குவார். கடதாசி ஊதியிருந்தா துவக்குக்குள்ளை இறங்காது, அப்பிடியானதைத் திருப்பிக் குடுத்திடுவார். நான் கையிலை ஒண்டை வச்சு அந்தப் பாரத்தைப் பாத்துக்கொண்டு நிப்பன், எனக்கு அதுதான் திருவிழா.

நவம்பர் 8
எழுவதுகளிலை பிரதமரா இருந்த சிறிமா காலத்திலை இறக்குமதிக் கட்டுப்பாடு, எல்லாத்துக்கும் தட்டுப்பாடு. கடைக்காரர் "இல்லையண்ணை, அடுத்த மாசம் வாங்கோ" எண்டுவார். அந்த நாளையிலை அப்பா காவல் கொட்டிலிலை விடிய விடிய தகரம் தட்டித்தான் பண்டி கலைச்சவர், தோட்டாவைத் தொடேல்லை. மாரியிலை ஈரம் பிடிக்காமல் அம்மா ஒரு பேணியிலை உமி போட்டு அதுக்குள்ளை தாட்டு வைப்பா. கிழமைக்கு ஒருக்கா அப்பா பேணியைக் கவுத்து எண்ணுவார். சுட்டா வெறுங்கோதோட வந்து அம்மாட்டைக் கணக்குச் சொல்லவேணும்.

நவம்பர் 11
எண்பதுகளிலை ஒரு இரவு, ஆயுதத்தோட வந்தவை துவக்கைக் கேட்டினம். அப்பா வாதாடேல்லை, சுவரிலை கொழுவியிருந்ததை எடுத்துக் குடுத்தார். தோட்டாவும் வேணுமாம். அம்மா அழுதுகொண்டு பேணியைக் கொண்டுவந்தா. அப்பா திண்ணையிலை குந்தியிருந்து, உமியை ஊதி ஊதி, லாம்பு வெளிச்சத்திலை ஏழு தோட்டாவையும் எண்ணித்தான் குடுத்தவர்.