பெட் சிடி: மெஷினைவிட முந்தின நாள்தான் வேலை

கீமோ முடிந்த கையோடு, புற்றுநோய் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் பெட் சிடி ஸ்கேனை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். டாக்டர் ஆறு வாரம் தள்ளிப் போட்டார். உடனே எடுத்தால் சிகிச்சையால் வந்த அழற்சியும் நோய் மாதிரியே படத்தில் தெரியுமாம். வெள்ளை அணுக்களை ஏற்றப் போடும் ஊசி இருக்கிறதே, அதன் வேகம் அடங்காவிட்டால் எலும்பு மஜ்ஜை முழுக்கப் பளிச்சிடுமாம். எனக்கு வந்தது லிம்ஃபோமா, நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய். சர்க்கரை அதற்கு முன்பிருந்தே உண்டு.

ஊசியில் ஏற்றுவது எஃப்டிஜி. குளுக்கோஸ் போலவே இருக்கும், ஆனால் கதிரியக்கமுள்ள ஃப்ளோரின்-18 அதில் சேர்ந்திருக்கும். பெருகிக்கொண்டிருக்கும் புற்றுசெல்கள் குளுக்கோஸை அதிகமாக இழுக்கும். எங்கே இழுக்கிறது என்று பெட் காட்டும், அது எந்த உறுப்பு, என்ன அளவு என்று சிடி காட்டும். இதைத் தெரிந்துகொண்டால் அவர்கள் போடும் கட்டுப்பாடுகள் எரிச்சலாகத் தெரியாது. ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைய இருந்தால் எஃப்டிஜிக்கு இடம் கிடைக்காது. இன்சுலின் போட்ட சூட்டில் போனால் எஃப்டிஜி தசைகளுக்குள் போய்விடும். சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் வேறு நாள் கொடுத்துவிடுவார்கள். மாத்திரை, இன்சுலினை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுக்காரர் சொன்னார் என்று செய்யாதீர்கள். சிடி படம் தெளிவாகத் தெரிய ஊசியில் சாயம் ஏற்றுவதாக இருந்தால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டும் கேட்பார்கள்.

முந்தின நாள் சோறு, இட்லி, பழம், பால், இனிப்பு எதுவும் கூடாது. இட்லி இல்லாமல் விடியாத வீட்டில் என்ன சாப்பிடுவது? திருவொற்றியூரில் இருப்பதால் பிழைத்தேன். தம்பி காசிமேட்டிலிருந்து சங்கரா வாங்கி வந்தான். அரிசி மாவு, சோள மாவு எதுவும் தடவாமல் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு மட்டும் போட்டு வறுத்து, கூடவே முட்டையும் கீரையும். சைவக்காரர்கள் பனீர், கீரை என்று ஓட்ட வேண்டியதுதான். அன்று நடைப்பயிற்சி கிடையாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. உழைத்த தசையும் சர்க்கரையை இழுக்கும், அதுவும் படத்தில் தெரியும். வீட்டு வேலையைத் தட்டிக்கழிக்க இதைவிட நல்ல காரணம் எனக்கு வாய்த்ததில்லை.

கடைசி ஆறு மணி நேரம் வெறும் தண்ணீர்தான். ஹால்ஸ், சூயிங்கம்கூட ஆகாது. விடியும் முன்பே தம்பி ஆட்டோவில் கிளம்பிவிட்டோம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஃப்ளோரின்-18 சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், நமக்காகக் காத்திருக்காது. ஆனால் அன்று மருந்து வண்டியே தாமதமாக வந்தது. நாங்கள் முன்னதாகப் போய்ப் பசியோடு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். எப்போது வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், யாரும் சொல்லவில்லை.

விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 138. குடல் படத்தில் தெளிவாகத் தெரிவதற்காக மானிட்டால் கலந்த தண்ணீரை நிறையக் குடிக்கச் சொன்னார்கள். லேசாக இனித்தது. "சிஸ்டர், இது சர்க்கரை இல்லையா?" என்று கேட்டேன். "இது குடலோட நின்னுடும்மா, ரத்தத்துல ஏறாது" என்றார். சாயங்காலம் வயிறு இளகும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் தனி அறையில் படுத்திருக்க வேண்டும். போன் கூடாது, பேச்சு கூடாது. பேசினால் நாக்கும் குரல்வளைத் தசையும் எஃப்டிஜியை இழுக்கும். எனக்குக் கழுத்தில்தான் நோய் என்பதால் இதில் கண்டிப்பாக இருந்தார்கள். குளிரும் ஆகாது. நடுங்கினால் கழுத்து, தோள் பக்கம் உள்ள பழுப்புக் கொழுப்பு வேலை செய்யத் தொடங்கி, கட்டியோ என்று குழப்பும். சென்னைக்காரர்கள் ஏசி அறைக்கும் பருத்திப் புடவையோடு போய்விடுவோம். போர்வை எடுத்துப் போங்கள்.

அப்புறம் சிறுநீர் கழித்துவிட்டு மேஜையில் படுத்தால், ஸ்கேன் அரை மணிக்குள் முடிந்துவிடும். கையைத் தலைக்கு மேல் வைத்திருப்பதில் தோள் வலிக்கும். சாயம் ஏறும்போது உடம்பு சூடாகி, சிறுநீர் வந்துவிட்டதோ என்று தோன்றும். வந்திருக்காது.

உடம்பில் கதிரியக்கம் இருக்கும் என்பதால் அன்று முழுக்கக் கர்ப்பிணிகள், குழந்தைகளிடமிருந்து தள்ளி இருக்கச் சொன்னார்கள். எங்கள் வீடு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. மருமகள் மாசமாக இருக்கிறாள், பேரன் என் மடியை விட்டு இறங்க மாட்டான். அதனால் நேராக ராயபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன், அங்கே அவள் மட்டும்தான். நிறையத் தண்ணீர் குடித்து, இரவு அங்கேயே தூங்கி, காலையில் வந்தேன்.

படத்தைப் பார்த்து மகன் பயந்துவிட்டான். மூளை, இதயம், சிறுநீரகம், சிறுநீர்ப்பை எல்லாம் இயல்பாகவே ஒளிரும். காசநோய் முடிச்சுகூட ஒளிரும், ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் இல்லை. லிம்ஃபோமாவுக்கு டோவில் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. மிச்சமிருக்கும் முடிச்சு, கல்லீரலோடு ஒப்பிட்டால் எவ்வளவு ஒளிர்கிறது என்பதுதான் முக்கியக் கணக்கு. எனக்கு 2, அதாவது கல்லீரலைவிடக் குறைவுதான், நல்ல செய்தி. சிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கேன் பதிவான குறுந்தகட்டைக் கொண்டு போயிருந்ததால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொன்னார் டாக்டர். இனிமேல் அறிகுறி ஏதாவது வந்தால் தவிர பெட் சிடி வேண்டாமாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும், அவர் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதும் போதுமாம்.