ஐஜிஎஃப் விதிகளை ஓரலுக்கு எப்படிப் படிப்பது

ஐஜிஎஃப் என்பது வாயு, மெத்தனால் போல எளிதில் தீப்பற்றும் எரிபொருள்களில் ஓடும் கப்பல்களுக்கான சர்வதேசப் பாதுகாப்பு விதித்தொகுப்பு. செகண்ட் இன்ஜினியர் சான்றிதழுக்கான ஓரலில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதல் தடவை என்னைத் தடுத்தது ஒரு தட்டு. எல்என்ஜியில் (திரவ இயற்கை எரிவாயு) ஓடும் கப்பலில் பங்கரிங் மேனிஃபோல்டுக்கு, அதாவது எரிபொருள் நிரப்பும் குழாய் இணைப்புக்கு, கீழே கசிவைப் பிடிக்க வைக்கும் டிரிப் ட்ரே ஏன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கிறது என்று தேர்வு எடுத்த சர்வேயர் கேட்டார். எரிபொருள் டேங்க் பக்கவாட்டிலிருந்து கப்பல் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது 11.5 மீட்டர், இதில் எது குறைவோ அவ்வளவாவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். தட்டுக்கு மட்டும், "துருப்பிடிக்காது சார்" என்றேன்.

எல்என்ஜி கிட்டத்தட்ட மைனஸ் 162 டிகிரியில் இருக்கும் திரவம். அது டெக்கில் சிந்தினால் சாதாரண இரும்புத் தகடு குளிரில் இளகுதன்மை இழந்து விரிசல் விடும். தட்டு இருப்பது கப்பலின் உடம்பைக் காப்பாற்ற.

அடுத்த தடவை நோட்டில் ஒவ்வொரு எரிபொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். மேலே ஒரே கேள்வி: இது கசிந்தால் முதலில் என்ன நடக்கும்? எல்என்ஜி என்றால் குளிர். அப்புறம் ஒரு பங்கு திரவம் சுமார் 600 பங்கு வாயுவாக விரியும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் தீப்பிடிக்கும். இப்போது இரட்டைச் சுவர்க் குழாய் ஏன், அதன் இடைவெளியில் மணிக்கு 30 தடவை காற்று மாற்றம் ஏன் என்பது தானே விளங்கும்.

மெத்தனாலுக்குக் குளிர்ப் பிரச்சினை இல்லை. ஆனால் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி வரத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 12 டிகிரிதான், இன்ஜின் ரூம் சூட்டில் எப்போதும் ஆவி வரும். பகலில் அதன் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அம்மோனியா பக்கத்தை நிதானமாக எழுதுங்கள். அது எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் ஈரத்தைத் தேடிப் போகும். கண், தொண்டை, நுரையீரல் மூன்றும் ஈரம். அங்கே விதியின் முதல் கவலை தீ அல்ல, மனிதர்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. 2017 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள ஐஜிஎஃப் விதித்தொகுப்பின் விரிவான பகுதி இயற்கை எரிவாயுவுக்காக எழுதப்பட்டது. மெத்தனாலுக்கு 2020இலும் அம்மோனியாவுக்கு 2024 டிசம்பரிலும் ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) தந்தவை இடைக்கால வழிகாட்டுதல்கள். அதனால் அந்தக் கப்பல்கள் மாற்று வடிவமைப்பு வழியில், அதாவது தங்கள் வடிவமைப்பைத் தனியாக ஆராய்ந்து அனுமதி பெறும் வழியில் போய், அதே அளவு பாதுகாப்பு இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். இரண்டாம் ஓரலில் இதைத்தான் நீண்ட நேரம் கேட்டார்கள்.

ஐஜிஎஃப் கப்பல்களில் எரிபொருள் பொறுப்பு ஏற்க வேண்டிய அட்வான்ஸ்டு சான்றிதழுக்கு இந்த வகைக் கப்பலில் ஒரு மாதக் கடல் சேவையும் மூன்று பங்கரிங்கும் வேண்டும். மூன்றில் இரண்டை சிமுலேட்டரில் ஈடு செய்யலாம். சரி, கப்பலில் பங்கரிங் முடிந்த அன்றே தேதி, துறைமுகம் எழுதிச் சீஃப் இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இறங்கிய பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.