மணலியின் மே மாதத்தில் 300 கெல்வின் கிடைக்குமா?

குளிர்விக்கப்படும் கலக்குத் தொட்டி ரியாக்டரின் வெப்பநிலைக் கட்டுப்பாட்டைக் கணினியில் ஓட்டிப் பழகுபவர்கள் பெரும்பாலும் ஒரே எண்தொகுதியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்: 100 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 100 லிட்டர் ஊட்டம் (உள்ளே வரும் மூலப்பொருள் கரைசல்), லிட்டருக்கு ஒரு மோல் செறிவு, ஊட்டத்தின் வெப்பநிலை 350 கெல்வின், ஜாக்கெட்டில் (தொட்டியைச் சுற்றிய உறையில்) 300 கெல்வின் குளிர்நீர். மணலியில் வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கடைசி எண்தான் உறுத்துகிறது.

300 கெல்வின் என்பது 27 டிகிரி செல்சியஸ். குளிர்நீரைத் தருவது, தண்ணீரைக் காற்றில் ஆவியாகவிட்டுக் குளிர்விக்கும் கூலிங் டவர். அந்தத் தண்ணீர் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு, கீழே இறங்காது. நடைமுறையில் அதற்குச் சில டிகிரி மேலேயே நின்றுவிடும். கடற்காற்றில் ஈரம் மண்டிக் கிடக்கும் மே மாதத்தில், எண்ணூர், மணலிப் பக்கம் 32 டிகிரி கிடைத்தாலே அது நல்ல டவர் என்பேன்.

இந்த ஐந்து டிகிரி சிறிய வேறுபாடு அன்று. 300 கெல்வின் குளிர்நீருக்கு இந்த ரியாக்டரில் மூன்று சமநிலைகள் (பிறக்கும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் ஒத்துப்போகும் வெப்பநிலைகள்) உண்டு: 324.5, 350, ஏறத்தாழ 370 கெல்வின். கட்டுப்பாடு இல்லாமலேயே அமைதியாக நிற்பது முதலாவது மட்டுமே. குளிர்நீரை 305 ஆக்கி ஓட்டினால் அந்த அமைதியான நிலை மறைந்தே போகிறது. எஞ்சுவது 378 கெல்வினை ஒட்டிய ஒரே சமநிலை, அதிலும் வெப்பநிலை நிலைகொள்ளாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.

நமக்கு வேண்டியதோ 350. அங்கே பாதி மூலப்பொருள் வினைபுரிந்து நிமிடத்துக்கு 2,500 கிலோஜூல் வெப்பம் பிறக்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் பிறக்கும் வெப்பம் சுமார் 89 கிலோஜூல் கூடுகிறது, வெளியேறும் வெப்பமோ 74தான் கூடுகிறது; ஆகவே சிறு விலகல்கூட ஏறக்குறைய 15 நொடிக்கொரு முறை இரட்டிப்பாகிறது. வெப்பநிலை ஆடினால் கெயினை, அதாவது ஒரு டிகிரி விலகலுக்குக் குளிர்நீரை எத்தனை டிகிரி மாற்றுவது என்ற எண்ணை, குறைக்கும் கை நம் எல்லோருக்கும் உண்டு. இங்கே அந்தக் கைதான் ஆபத்து. குளிர்நீர் வெப்பநிலையை நேரடியாக மாற்றும் எளிய விகிதக் கட்டுப்பாட்டில் கெயின் 1.14க்குக் கீழே போனால் ரியாக்டர் கைவிட்டுப் போய்விடும்.

ஆனால் 32 டிகிரித் தண்ணீரை வைத்துக்கொண்டு எந்தக் கெயினும் உதவாது. ஜாக்கெட்டுக்கும் தொட்டிக்கும் இடையே 45 டிகிரி வேறுபாடுதான் இருக்கும் என்பதால் நிமிடத்துக்கு 2,250 கிலோஜூல் மட்டுமே வெளியேறும். மீதி 250 உள்ளேயே தங்கும். குளிர்நீருக்குக் கீழ்வரம்பு இடாத சிமுலேஷன் இதைக் காட்டாது. திரையில் கோடு அழகாக 350ல் படுத்திருக்கும், உள்ளே கணக்கு 290 கெல்வின் தண்ணீரைக்கூடக் கேட்டு வாங்கியிருக்கும். ஆகவே கெயினைத் தொடும் முன் 305 என்ற வரம்பை எழுதிவிட வேண்டும். தொகைப் பகுதியும் (கடந்த விலகல்களைக் கூட்டிக்கொண்டே போகும் பகுதி) சேர்ந்த கட்டுப்பாடு என்றால், வரம்பைத் தொட்டதும் தொகை குவியாமல் தடுக்கும் வரியையும் சேர்க்க வேண்டும்.

சில்லர் (தண்ணீரை இயந்திரத்தால் இன்னும் குளிர்விக்கும் கருவி) வாங்குவது ஒரு வழி, செலவும் மின்கட்டணமும் தனிக்கதை. மேலாளரிடம் கேட்கும் முன் ஊட்டத்தைப் பாருங்கள். அது 350 கெல்வினில், அதாவது 77 டிகிரியில், உள்ளே வருகிறது. அதைக் குளிர்விக்க 32 டிகிரித் தண்ணீரே போதும். ஊட்டத்தை 339.5க்கு இறக்கினால் அந்த 250 கிலோஜூல் குறை நேராகிறது. ஆனால் குளிர்நீர் அப்போது வரம்பிலேயே நிற்கும், கட்டுப்பாட்டுக்குக் கீழே நகர இடம் இருக்காது. 330க்கு இறக்கினால் ஜாக்கெட்டுக்கு 309.6 போதும், நாலரை டிகிரி கையிருப்பு கிடைக்கிறது.