60 ஓம் காட்டியும் நின்றுபோன வண்டி

போன மாதம் கரூர் பக்கம் ஒரு கல் குவாரியில் மூன்று நாள் என்னை அலையவிட்ட வேலை இது. 20 டன் எக்ஸ்கவேட்டர், ஊரில் பொக்லைன் என்பார்களே அதுதான், பக்கெட்டைக் கழற்றிவிட்டு ராக் பிரேக்கர் மாட்டி ஓட்டுகிறார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மானிட்டரில் கம்யூனிகேஷன் எரர் வரும், இன்ஜின் வேகம் தானாக இறங்கும், பிரேக்கர் அடிக்க பலமே இருக்காது. சாவியை ஆஃப் செய்து மறுபடி போட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். எனக்கு முன்னால் வந்து பார்த்தவர் கண்ட்ரோலர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டி, போய்விட்டது, மாற்றணும் என்று மூன்று லட்சத்துக்கு மேல் கணக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஓனர் பணம் புரட்ட ஆரம்பித்திருந்தார். அளந்து பார்க்காமல் கண்ட்ரோலரை மாற்றச் சொல்வதைக் கேட்டாலே எனக்கு மனசு கொதிக்கும், அதுவும் குவாரிக்காரர் வண்டிக்கு மாசம் பொறந்தால் தவணை கட்டுகிறவர்.

லேப்டாப்பை மாட்டினால் இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் கண்ட்ரோலரான ஈசிஎம்மில் எஸ்பிஎன் 639, எஃப்எம்ஐ 9 என்ற எரர் கோடு (code) நின்றது. வர வேண்டிய செய்தி வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை என்று அதற்கு அர்த்தம், அவ்வளவுதான். எந்தப் பொருள் கெட்டது என்று அந்தக் கோடு சொல்லவே சொல்லாது. வண்டியை இயக்கும் மெயின் கண்ட்ரோலரில் பார்த்தால் அங்கே இன்ஜின் ஈசிஎம் பேசவில்லை என்று ஒரு கோடு. இரண்டும் ஒன்றையொன்று கை காட்டுகின்றன. ஆனால் கேபினுக்குள் இருக்கும் மானிட்டருக்கும் மெயின் கண்ட்ரோலருக்கும் நடுவில் ஒரு தகராறும் இல்லை. அப்படியென்றால் கேபினுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் போகும் வயரைத்தான் முதலில் சந்தேகப்படணும்.

கண்ட்ரோலர்கள் பேசிக்கொள்ளும் இந்த வயருக்குக் கேன் லைன் என்று பேர், பழகாதவர்களுக்காக கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முறுக்கிய இரண்டு வயர், ஒன்று கேன் ஹை, இன்னொன்று கேன் லோ. எல்லா கண்ட்ரோலரும் இந்த ஒரே ஜோடியில்தான் பேசிக்கொள்கின்றன. லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும், அது இல்லையென்றால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து குழப்பிவிடும். இரண்டும் பேரலலில் இருப்பதால் மீட்டரில் 60 ஓம் வரணும். 120 வந்தால் எங்கேயோ அறுந்திருக்கிறது அல்லது ஒரு ரெசிஸ்டர் இல்லை, 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள், பூஜ்யம் பக்கம் வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பேட்டரி கட்-ஆஃபைத் திருப்பி, கண்ட்ரோலர்கள் அணைய சில நிமிடம் விட்டுத்தான் இதை அளக்கணும். கரண்ட் இருக்கும்போது ஓம் அளந்தால் மீட்டர் காட்டுவது எதையும் நம்ப முடியாது.

நான் அப்படியே செய்தேன். லேப்டாப் மாட்டும் டயக்னாஸ்டிக் சாக்கெட் இந்த வண்டியில் 9 பின் வட்டக் கனெக்டர், அதில் கேன் ஹை வரும் சி பின்னுக்கும் கேன் லோ வரும் டி பின்னுக்கும் நடுவில் அளந்தால் அச்சடித்த மாதிரி 60 ஓம். சாவி போட்டு எர்த்துக்கு வோல்ட் பார்த்தேன், ஹை 2.6, லோ 2.4. அதுவும் சரி. முதல் நாள் முழுக்க இந்த நல்ல ரீடிங்கை நம்பி, பேட்டரி எர்த், ஃபியூஸ், கண்ட்ரோலருக்கு வரும் சப்ளை என்று எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் டீ குடிக்கும்போது ஆபரேட்டர் அண்ணன்தான் பேச்சுவாக்கில் சொன்னார், "வண்டிய நகத்துறப்போ, சும்மா சுத்துறப்போ எரர் வந்ததே இல்ல தம்பி, பிரேக்கர் அடிச்சாத்தான் வருது." இதை முதல் நாளே நான் கேட்டிருக்கணும். நின்ற வண்டியில் அளந்தால் அதிர்வில் விட்டுப்போகும் லைன் எப்படிப் பிடிபடும்?

மறுபடி கட்-ஆஃப் போட்டு, மீட்டரை சாக்கெட்டிலேயே மாட்டிக் கூட வந்த பையனைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கேபினிலிருந்து இன்ஜின் வரை போகும் வயர் கட்டை, ஹார்னஸை, ஒரு ஜாண் ஒரு ஜாணாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே போனேன். கேபினுக்குப் பின்னால் பெரிய கனெக்டர் ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டதும் பையன் கத்தினான், "அண்ணே, 120!" விட்டால் 60, ஆட்டினால் 120, நடுவில் சில சமயம் 90 என்று ஆடியது. அதோடு இருட்டிவிட்டது.

மூன்றாம் நாள் அந்தக் கனெக்டரைப் பிரித்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்தேன். கேபின் பக்கம் 120, இன்ஜின் பக்கம் 120, பக்கத்துக்கு ஒரு ரெசிஸ்டர்தானே, எவ்வளவு ஆட்டினாலும் இரண்டும் அசையவில்லை. தனியாக இரண்டும் நல்லது, சேர்த்தால் கெடுகிறது, அப்போது குற்றம் சேருகிற இடத்தில்தான். கழுத்தில் லைட்டை மாட்டிக்கொண்டு பார்த்தேன், பச்சைக் களிம்பு பூக்கவில்லை, தண்ணீர் இல்லை, பின்கள் பளபளவென்று இருந்தன. என்னிடம் அதே அளவில் புது ஆண் பின் ஒன்று இருந்தது, அதை அந்தக் கனெக்டரின் ஒவ்வொரு சாக்கெட் துளையிலும் மெல்லச் செருகி இழுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு பிடி இருந்தது, இழுக்கும்போது விரலுக்குத் தெரிந்தது. கேன் ஹை சாக்கெட்டில் மட்டும் பிடியே இல்லை. கனெக்டரைக் கவிழ்த்தேன், பின் தானாக நழுவி என் உள்ளங்கையில் விழுந்தது. பக்கத்தில் நின்ற ஓனர் எதுவும் பேசாமல் அந்தப் பின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் யாரோ தடிமனான மீட்டர் முனையை அந்த சாக்கெட்டுக்குள் குத்தி அளந்திருக்கிறார்கள், வாய் விரிந்துவிட்டது. போதாததற்கு அந்தக் கனெக்டருக்குப் பக்கத்தில் ஹார்னஸைப் பிடிக்கும் கிளாம்பும் இல்லை, பிரேக்கர் அடிக்கும்போதெல்லாம் மொத்தக் கனமும் அந்தக் கனெக்டரில் தொங்கி ஆடியிருக்கிறது. புது டெர்மினலைச் சரியான கிரிம்ப் கருவியால் அழுத்தி, லாக் தகட்டைத் திருப்பிப் போட்டேன். வயர் முறுக்கை கனெக்டர் வாய் வரைக்கும் பிரிய விடவில்லை. ரப்பர் வைத்த கிளாம்ப் ஒன்றை ஃபிரேமில் போல்ட் போட்டு மாட்டினேன். பொருள் செலவு ஐந்நூறு ரூபாய்கூட வரவில்லை.

அன்றைக்கு மதியம் முழுக்கப் பெரிய பாறையாகப் பார்த்து அடிக்கச் சொன்னேன். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கேபினுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன், காது அடைத்துப்போனது, கோடு வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஆபரேட்டர் அண்ணன் போன் செய்தார், ஏதோ ஆகிவிட்டது என்று பதறித்தான் எடுத்தேன். பக்கத்துக் குவாரியில் ஒரு லோடர் இதே மாதிரி எரர் காட்டுகிறதாம், அங்கேயும் கண்ட்ரோலர் மாற்றச் சொல்லியிருக்கிறார்களாம், மாற்றுவதற்கு முன்னால் ஒரு எட்டு வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.