இறந்துபோன அப்பா எப்படிக் கிரயம் எழுதிக் கொடுத்தார்?

பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றலாம் என்று வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அப்பாவின் மனை 2021-இல் கிரயமாகியிருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் என்று அப்பா பெயரே இருக்கிறது. அப்பா காலமானது 2019-இல்.

அன்றைக்கே சார் பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடினேன். கவுண்ட்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலேயே "பதிஞ்சது பதிஞ்சதுதான், கோர்ட்டுக்குப் போங்க" என்றார். காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு இடத்திலும் வாயால் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன், அது பெரிய தவறு. எங்கே போனாலும் எழுத்தில் மனு கொடுங்கள், ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அப்புறம்தான் அந்தப் பத்திரத்தின் நகலுக்கு விண்ணப்பித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. அப்பா பெயருக்கு நேரே முன்பின் பார்த்திராத ஒருவரின் போட்டோ, பக்கத்தில் கைரேகை, கீழே ஆங்கிலத்தில் கையெழுத்து. அப்பா எப்போதும் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார், அதுவும் கடைசிப் புள்ளியை அழுத்தி வைப்பார், தாளின் பின்பக்கம் தடவினால் தெரியும். அம்மா அந்த நகலை வெகுநேரம் கையில் வைத்திருந்தார், ஒன்றும் பேசவில்லை.

தெரிந்தவர் ஒருவர், மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய 2022-இல் பதிவுச் சட்டத்தில் 77-ஏ என்று பிரிவு வந்திருக்கிறது, கோர்ட்டே வேண்டாம் என்றார். நம்பி மனு போட்டோம். விசாரணை, வாய்தா, மறுபடி வாய்தா. அது முடிவதற்குள் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவே செல்லாது என்று சொல்லிவிட்டது. மனு அப்படியே நின்றுபோனது. போன மாதங்களை நினைத்தால் இன்னமும் ஆறவில்லை, ஏனென்றால் இந்த மாதிரி வழக்குக்கு மோசடி தெரியவந்த நாளிலிருந்து 3 வருடம்தான் கெடு. வேறு அலுவலகத்தில் மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நமக்காகக் காத்திருக்காது.

வக்கீல் சொன்ன ஒரு விஷயம் பலருக்கும் உதவும். நாமே கையெழுத்துப் போட்டு ஏமாந்திருந்தால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க வேண்டும். ஆள்மாறாட்டம் என்றால், அந்தப் பத்திரம் செல்லாது, நம்மைக் கட்டுப்படுத்தாது என்று கோர்ட்டே அறிவிக்கும்படி (இதைத்தான் விளம்புகை என்பார்கள்) கேட்டால் போதும். கோர்ட் கட்டணக் கணக்கே மாறும், தாவா, அதாவது சிவில் வழக்கு மனு, எழுதும் முன்பே இதைக் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். கூடவே, மனையை மேற்கொண்டு கைமாற்றாமலிருக்க இடைக்காலத் தடையும் கேளுங்கள்.

தாவா போடப் போன இடத்தில் வாரிசுச் சான்று இடித்தது. அப்பா போனபோது வாங்கி வைக்கவில்லை, இப்போது வாங்கியதில் அக்காவின் இனிஷியல் தப்பு. அந்த ஒரு எழுத்துக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு மூன்று நடை. ஒரு நாள் பார்க்க வேண்டியவர் முகாமுக்குப் போய்விட்டார் என்று சாயங்காலம் வரை உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்கள்.

போலீஸ் பக்கம், மாவட்ட அளவில் இருக்கும் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவில் இறப்புச் சான்றையும் பத்திர நகலையும் சேர்த்துப் புகார் கொடுத்தேன். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு யாரும் சிவில் மேட்டர் என்று சொல்லவில்லை, எஃப்ஐஆர் போட்டார்கள். அங்கேயும் மறுத்தால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட வழி இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

போன மாதம் இடைக்காலத் தடை கிடைத்தது. உத்தரவின் நகலோடு அதே கவுண்ட்டருக்குப் போனேன், அதே ஆள். தேதி போட்டு முத்திரை குத்தி என் பிரதியைக் கையில் தரும்வரை அங்கிருந்து நகரவில்லை. 2008-இல் அப்பா அதே அலுவலகத்தில் ஒரு விடுதலைப் பத்திரம் (சொத்தில் தன் பங்கை விட்டுக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்திருக்கிறார், அதில் அவருடைய நிஜமான ரேகை இருக்கிறது. இரண்டையும் நிபுணரிடம் ஒப்பிட அனுப்பச் சொல்லி அடுத்த வாய்தாவில் மனு போடுகிறோம்.