கரிசல் மண்ணும் ஆறு மாதக் குட்டிகளும்

அன்று மழை ஈரத்தில் எங்கள் குதிரைப் பண்ணையின் மேய்ச்சல் வயலைத் திறக்காதது சரிதான் என்று இப்போதும் வாதிடுவேன். புனே பக்கத்துக் கரிசலில் ஒரு மழைக்காலத்தைக் கழித்தவர் யாரும் மறுக்கமாட்டார். சுமார் ஐந்நூறு கிலோ எடையுள்ள தாய்க்குதிரையின் குளம்பு இறங்கும் இடத்தில் ஈரக் களி பிதுங்கி விலகுகிறது, புல்லின் தூர் பிய்கிறது, தடத்தில் தண்ணீர் தேங்குகிறது. அந்த இடம் காய்ந்தபின் முதலில் முளைப்பது பார்த்தீனியம் என்னும் களைச்செடி. இந்தியாவில் அந்தச் செடி 1955இல் கவனத்துக்கு வந்ததே புனேயில்தான் என்பார்கள். எங்கள் வயலைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

ஆனால் வேலிக் கதவருகே நடந்த பேச்சு மட்டும் என்னை விடவில்லை.

மழை விட்டிருந்தது. ஒரு பிடி மண்ணைத் தோண்டி உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினேன். குதிரையைத் தாங்கும் பக்குவத்துக்கு வந்த மண், பென்சில் பருமனுக்குத் திரளும் முன்பே உதிர்ந்துவிட வேண்டும். இது உதிரவில்லை, நூலாக நீண்டு விரலிடுக்கில் தொங்கியது. பக்கத்தில் எங்கள் மூத்த சயிஸ், அதாவது குதிரைப் பராமரிப்பாளர், நின்றிருந்தார். லாயத்தில் எல்லோருக்கும் அவர் காகா.

"எத்தனை நாள் ஆகும், சாஹேப்?"

"மண்தான் சொல்ல வேண்டும், காகா."

"இந்த மண்ணைக் கேட்டால் என்றைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்லும்."

"இப்போது மிதித்துக் கெடுத்தால் அடுத்த வருடக் குட்டிகள் எதைத் தின்னும்?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு லாயத்துக்குப் போனார்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்பதுதான் தொல்லை. இந்தியாவில் பந்தயக் குதிரைகள் எந்த மாதம் பிறந்தாலும் கணக்கில் ஜனவரி 1தான் பிறந்தநாள். அதனால் ஆண்டின் முதல் மாதங்களிலேயே குட்டி விழும்படி இனச்சேர்க்கையைத் திட்டமிடுகிறோம். தாயிடமிருந்து பிரிக்கும் ஆறாவது மாதம் நேராக மழைக்காலத்தில் வந்து விழுகிறது. எலும்பு உறுதிப்பட ஓட்டம் வேண்டிய பருவத்தில் ஓட இடமில்லை. கோடையில் திறக்கலாமே என்றால், அப்போது முழங்கை வரை கை நுழையும் வெடிப்புகள். குட்டியின் கால் அதில் சிக்கினால் அவ்வளவுதான். நாட்காட்டியை வகுத்தவர்கள் கரிசலை மிதித்திருக்கமாட்டார்கள்.

குட்டிகளைக் கையில் பிடித்து மணல் வட்டத்தில் நடத்தினோம். அதுவும் ஓட்டமும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். இரண்டு லாரி மணலை வயலில் கொட்டினால் என்ன என்று முதலாளி கேட்டது தனிக்கதை. களியில் கொஞ்சமாக மணல் கலந்தால் இன்னும்தான் இறுகும். கதவருகே முரம்புச் சரளை போடவும், மிதிபடுவதற்கென்றே ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கவும் கேட்டிருந்தேன். அது அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. கதவு மூடியே கிடந்ததில் அவருக்கும் பங்கு உண்டு என்று எழுதும்போது மனம் கொஞ்சம் ஆறுகிறது.

பிறகு திறந்தோம். மண் உதிர்ந்தது, நான்தான் சோதித்தேன். அடைபட்டுக் கிடந்த குட்டிகள் காற்றாய்ப் பறந்தன. ஓர் ஆண்குட்டி மூலையில் திரும்பும்போது சறுக்கி விழுந்தது. முன்னங்கால் மூட்டு வீங்கியது. பந்தயத்துக்கு அது போகவே இல்லை. முன்பே தினமும் கொஞ்சம் ஓடவிட்டிருந்தால் அவ்வளவு வெறியோடு ஓடியிருக்காது என்று ஒரு வாதம். சேற்றில் விட்டிருந்தால் அதற்கும் முன்பே விழுந்திருக்கும் என்று மறு வாதம். மருத்துவர் இரண்டுக்கும் தலையாட்டினார். காகா மட்டும், "விழாத குட்டி உண்டா, சாஹேப்" என்றார். அவர் குற்றம் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

நான் காங்கேயத்துக்காரன். கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைக் கிளுவை முள்வேலி போட்டு, மாற்றி மாற்றி மேயவிடுவதைப் பார்த்து வளர்ந்தவன். நிலம் பிழைத்தால் மாடு பிழைக்கும் என்பது எங்கள் ஊரில் கேள்விக்கு இடமில்லாத நம்பிக்கை. குதிரைக்கு அது முழுதாகப் பொருந்துவதில்லை. எங்கள் கொழுக்கட்டைப் புல்லைக்கூடக் குதிரைக்குத் தாராளமாகப் போட முடியாது. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நாளடைவில் முக எலும்பு வீங்கிவிடும். ஆனாலும் காகாவிடம் பேசியது அந்த ஊர்க்காரன்தான். கண்ணெதிரே நின்ற குட்டிகளைப் பற்றிக் கேட்டவரிடம், இன்னும் பிறக்காத குட்டிகளைக் காட்டி வாயை அடைத்தேன். அந்தப் பிறக்காத குட்டிகளும் பிறந்து, நான் காப்பாற்றிய வயலின் புல்லைத்தான் தின்றன. அதையும் சொல்ல வேண்டும்.

இந்த ஆண்டு மண் நூலாக நீண்ட நாளிலேயே கீழ்ப்பக்கத்துத் துண்டில் குட்டிகளை அரை மணி நேரம் விடச் சொன்னேன். கதவடி சேறாகிவிட்டது. ஏன் என்று முதலாளி கேட்டார். எலும்பு வளர்ச்சி, தாது அடர்த்தி என்று விளக்கினேன். காகாவின் பெயரை எடுக்கவில்லை.